இன்னா பட்டுது

கார் உள்ளே வந்து நின்றதும் அவள் வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள். கையில் ஒரு வெள்ளை விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். கதவருகே குந்துவாள், பானெட்டின் மேல் குனிவாள், எங்கோ ஓர் இடத்தில் நின்றுவிடுவாள். விரல் வண்டியைத் தொடாது, சற்றுத் தள்ளியே நிற்கும்.

"இங்க இன்னா பட்டுது?"

வந்தவர்கள் திகைப்பார்கள். பளபளப்பாக்கித் தரச் சொல்லி வந்த இடத்தில் விசாரணை நடக்கிறதே என்று சிலருக்கு முகம் சுருங்கும். தெரியாது என்றால், யோசித்துப் பாருங்கள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு விளக்கை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். தொழிலுக்கு அந்தக் கேள்வி தேவைதான். பறவை எச்சம் வெயிலில் காய்ந்து அரித்த தடம் ஒன்று, வேப்பம்பிசின் ஒன்று, போர்வெல் தண்ணீரின் உப்புப் பொட்டு ஒன்று, யாரோ வேண்டாதவன் சாவியால் இழுத்துவிட்ட கோடு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, துணி வேறு, மெஷினின் வேகம் வேறு. ஆனாலும் அவள் கேட்ட விதத்தில் தொழிலைத் தாண்டி ஏதோ இருந்தது. பதில் வராமல் அந்த இடத்தை விட்டு நகர அவளுக்கு மனசு வராது.

கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் என் சீட் கவர் கடை. அடுத்த ஷெட் அவளுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு தகரத் தட்டிதான். அவள் மெஷின் ஓடினால் என் தையல் மெஷினின் ஊசி நடுங்கும். நான் தும்மினால் அங்கிருந்து "இன்னா அண்ணே, ஜலதோஷமா?" என்று குரல் வரும்.

ஊர் அவளைப் பாலிஷ்கார அக்கா என்று கூப்பிட்டது. முப்பதைத் தாண்டியவள், உயரமானவள். கையில் வளையல் கிடையாது, விரலில் மோதிரம் கிடையாது, கழுத்தில் சங்கிலிகூடக் கிடையாது. அதை வைத்து ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். புருஷன் விட்டுப்போனவள் என்றது ஒரு கதை, மதம் மாறியவள் என்றது இன்னொன்று. என் மனைவி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள். வளையல் பெயிண்டில் உரசும் என்று பதில் வந்தது. கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டதற்கு, ஆகவில்லை என்றாள். ஏன் என்று கேட்க என் மனைவிக்குத் தைரியம் வரவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் உள்ளதைச் சொல்லியிருப்பாள்.

எங்கள் ஊரின் பாதிப் பேரைப் போல அவளும் விடியும் முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். ஒயிட்ஃபீல்டு பக்கம் விலை உயர்ந்த கார்களுக்குப் பாலிஷும் கோட்டிங்கும் போடும் பெரிய இடத்தில் கற்றுக்கொண்டாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு அவ்வளவு தூரம் போய் வர முடியவில்லை. இங்கேயே தொழில் தொடங்க இடம் தேடினாள். பெண்பிள்ளை கார் ஷெட் நடத்துவதா என்று ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுத்தவர் என் கடைக்கும் சொந்தக்காரரான இரும்புக்கடைக்காரர். பஜாரில் மூன்று தலைமுறைக் கடை அவர்களுடையது. அவர் இடத்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. தன் வெள்ளைக் காரையே முதல் வண்டியாகக் கொண்டுவந்து விட்டார். வேலை முடிந்ததும் அதைக் கடை வாசலில் ஒரு வாரம் நிறுத்தி, கேட்டவர்களையெல்லாம் இவளிடம் அனுப்பினார். அவள் அவரை ஐயா என்பாள். வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் கார் பெயிண்டுக்குப் பெரிய எதிரி காற்று. தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கிறது. ஆடிக் காற்றில் அது மாவு போலப் பறந்து வந்து வண்டிமேல் படியும். ஜனங்கள் காலையில் ஒரு காய்ந்த துணியை எடுத்து அதைத் துடைப்பார்கள். துடைக்கத் துடைக்க வண்டி முழுக்க சிலந்தி வலை போலக் கீறல். அவள் எல்லோரிடமும் துணியைத் தூக்கிப் போடச் சொல்வாள். முதலில் தண்ணீர், பிறகு நுரை, பிறகுதான் கை. மற்றக் கடைகளில் எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷைத் தேய்த்துக் கீறலை மறைத்து அனுப்புவார்கள். இரண்டு முறை கழுவினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அந்த டப்பாவை அவள் ஷெட்டுக்குள் சேர்த்ததே இல்லை. கோட்டிங் போட்டால் ஆயுசுக்கும் கீறல் விழாதாமே என்று கேட்டு வருகிறவர்களிடம், கல் பட்டால் விழும், அப்படிச் சொன்னவன் பொய் சொன்னான் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவாள். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் பொய் சொன்னவனிடமே போனார்கள்.

தன் தவறுக்கும் அதே கணக்குத்தான். ஒரு தடவை ஒரு கறுப்புக் காரின் பானெட் ஓரத்தில் மெஷின் ஒரு நொடி அதிகம் நின்றுவிட்டது. மேல்பூச்சு தேய்ந்து, நகத்தளவு இடம் மங்கிப்போனது. வண்டிக்காரர் வந்தார், பார்த்தார், திருப்தியாகச் சாவியை வாங்கிக்கொண்டார். அவருக்கு அது கண்ணில் படவே இல்லை. இவள் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, விளக்கைப் பிடித்துக் காட்டி, இது என் கை செய்தது, பெயிண்ட் அடித்துத் தருகிறேன், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். அந்த மனிதர் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டார். இனி அந்த இடம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்குமே என்றார்.

எல்லா நேரமும் இது ஒருவரின் கோபத்தோடு முடிந்துவிடவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கென்று கார் வாங்கி, கோட்டிங் போடக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் கூட வந்திருந்தார். இவள் பெயிண்டின் கனம் அளக்கும் சின்ன மெஷினைக் கதவில் வைத்தாள், இன்னோர் இடத்தில் வைத்தாள், மறுபடி கதவில் வைத்தாள். இந்தக் கதவு திரும்பப் பெயிண்ட் அடித்தது, எங்கோ இடித்துச் சரிசெய்த வண்டியைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள் என்று இருவர் எதிரிலேயே சொல்லிவிட்டாள். ஏமாந்தவர் வாத்தியார். ஆனால் சித்தப்பா அதை வாத்தியாரின் மோசடியாக்கிவிட்டார். கல்யாணம் நிற்கும் நிலைக்குப் போய், வாத்தியார் சம்பந்தியின் காலில் விழுந்து, ஒருவழியாக நடந்தது. பிறகு ஒரு நாள் அவர் என் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தகரத் தட்டிக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றுவிட்டதை நான் கவனித்தேன்.

மறுநாள் அவள் ஷெட்டைத் திறக்கவில்லை. வாத்தியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் வெளியே வரவில்லை. திரும்பி வந்து என் கடை வாசலில் நின்றாள்.

"தனியா கூப்ட்டு சொல்லியிருக்கணும் அண்ணே. சொல்லாம இருந்திருக்க முடியாது. ஆனா தனியா சொல்லியிருக்கணும்."

அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வண்டிக்காரரிடம் மட்டும் சொல்லும் வழக்கம் வந்தது. தட்டி தகரம் என்பதால் எனக்கும் கேட்கும்.

அவள் ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தபோது அவளாகவே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். சுரங்கத்தில் அடி லெவலில் வேலை பார்த்தவர். மைன் மூடிய பிறகு இருமல் வந்தது. நெஞ்சு முழுக்கக் கல் தூசி என்று டாக்டர் வீட்டாரிடம் சொன்னார். வீட்டார் அவரிடம் சளி என்று சொன்னார்கள். அவளும் சொன்னாள். சளிக்கு என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவரும் குணமாகிவிடும் என்று அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். "எங்க நைனாகிட்ட கடைசி வரைக்கும் யாருமே சொல்லல. அவுரு யார்கிட்டயும் போய்ட்டு வரேன்னு சொல்லிக்காமயே போய்ட்டாரு." கரண்ட் வந்தது. எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு மழைக்கால விடியலில் எங்கள் ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு விபத்து நடந்தது. செல்வி என்ற பெண், பெங்களூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறவள், முதல் ரயிலைப் பிடிக்கத் தன் பழைய நீல ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தாள். இருட்டு முழுதாக விலகவில்லை. பின்னாலிருந்து வந்த ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பால் வண்டிக்காரர் வந்து பார்க்கும் வரை அவள் மழையிலேயே கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. கடை திறப்பதற்குள் ஊர் முழுக்க இதே பேச்சு.

அன்று காலை இரும்புக்கடைக்காரர் தன் வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். எப்போதும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவார். அன்று பேசவில்லை. அவள் வழக்கம்போல விளக்கோடு சுற்றி வந்தாள். முன்பக்கம் இடது மூலையில் பம்பர் விரிசல் விட்டு, அதற்கு மேல் சிராய்ப்பு. வேலை தொடங்கும் முன் அவள் போட்டோ எடுப்பாள். அன்று அவர் வேண்டாம் என்றார். இன்னா பட்டுது என்று அவள் கேட்டாள். மகன் பெங்களூரிலிருந்து வரும்போது வழியில் ஆடு குறுக்கே வந்துவிட்டதாம்.

ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது.

"ஐயா, ஆடு பட்டா நீல பெயிண்ட் ஒட்டாது."

அவர் எங்காவது நிறுத்தும்போது உரசியிருக்கும் என்றார். போன மாதம் இந்த வண்டி என் விளக்கடியில் நின்றது, அப்போது இது இல்லை என்றாள். தம்பியிடம் போய்க் கேளுங்கள், அதுவரை நான் கை வைக்கவில்லை, வண்டி அப்படியே நிற்கட்டும் என்றாள். அவர் வண்டியை விட்டுவிட்டு மழையில் நடந்தே போனார். அவருக்கு அதுவரை சந்தேகம்தான், உண்மை தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மத்தியானம் திரும்பி வந்தவர் வேறு மனிதராக இருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர் குரல் தாழ்ந்து கேட்டது. நீ வேலையை முடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் முடியாது என்றாள். ஒருத்தனும் இடம் கொடுக்காதபோது நான் கொடுத்தேனே என்றார்.

"ஆமா ஐயா. அத நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். தம்பிய கூட்டிக்கினு நீங்களே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. நீங்க போய் சொன்னாத்தான் சரியா இருக்கும். நாளைக்குக் காலைல வரைக்கும் நான் வாயத் தொறக்கல. அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை அவள் என்னிடம் ஐயா ஸ்டேஷனுக்குப் போனாரா, ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். போகவில்லை என்றேன். அவளே போனாள்.

போலீஸ் போய்ப் பார்த்தபோது அந்தக் காரில் புது பம்பர் இருந்தது, பக்கத் தகடும் மாற்றப்பட்டிருந்தது. எங்கோ வெளியூரில் ஒரே ராத்திரியில் முடித்திருந்தார்கள். மகன் சென்னையில் அத்தை வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பதாகச் சொன்னார்கள். என்னையும் விசாரித்தார்கள். வண்டி வந்ததையும் போனதையும் காதில் விழுந்ததையும் சொன்னேன். செல்வியின் அண்ணன் அவள் ஷெட்டுக்கு வந்து, ஒரு நாள் ஏன் விட்டாய், அவன் உனக்கு முதலாளி என்றுதானே விட்டாய் என்று கத்தினான். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். "ஆமா, விட்டது தப்புதான்" என்றாள். அவன் திரும்பிப் போய்விட்டான்.

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி இரும்புக்கடைக் குமாஸ்தா வந்து சொன்னான். சொல்லாவிட்டாலும் போயிருக்க வேண்டியதுதான். பஜார்க்காரர்கள் வண்டி விடுவதை நிறுத்திவிட்டார்கள். இரும்புக்கடைக்காரர் நல்லவர், யாருக்குத்தான் பிள்ளைப் பாசம் இருக்காது என்றார்கள். இவளைப் போலீஸ்காரி என்றார்கள். நீ செய்தது சரி என்று ரகசியமாகச் சொன்னவர்களும் காரை வேறு இடத்துக்குத்தான் ஓட்டிப் போனார்கள். அவள் அம்மாவையும் மெஷின்களையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போய் அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கேஸ் விசாரணைக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அவள் பஸ் பிடித்து வந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கோர்ட் வராந்தாவில் செல்வி ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளால் நெடுநேரம் நிற்க முடியாது, வேலை எப்போதோ போய்விட்டது. அவள் அண்ணன் இம்முறை கத்தவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு கிட்டே வந்தான்.

"அது எங்க ஸ்கூட்டி பெயிண்ட்தான்னு ஒரு வார்த்த சொல்லிடு அக்கா. அது போதும் எங்களுக்கு."

"உங்க வண்டிய நான் பார்க்கலையே தம்பி."

"எல்லாருக்கும் தெரியுமே அக்கா."

அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும் பார்த்ததைச் சொன்னாள். எந்த மூலை, எவ்வளவு உயரம், என்ன நிறம், அவர் என்ன சொன்னார், தான் என்ன சொன்னாள், எல்லாம் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அந்த நீலம் செல்வியின் ஸ்கூட்டியுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். நீல நிற கேட், டிரம் ஏதாவது உரசியிருக்கலாமா என்றார். இருக்கலாம் என்றாள். மகன்தான் இடித்தான் என்று அவர் உங்களிடம் சொன்னாரா என்றார். சொல்லவில்லை, பாலிஷ் போடச் சொன்னார் என்றாள். வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வெளியே செல்வியின் அண்ணன் அவள் காலடியில் காறித் துப்பினான். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை நான் கூட நடந்தேன். பஸ் வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்ததான் அண்ணே கேட்டாங்க. எனுக்கும் தெரியுது. ஆனா நான் பார்க்கலையே."

அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கேஸ் அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த வாய்தாவில் இரும்புக்கடைக்காரர் முறை. வண்டிக்குச் சொந்தக்காரர் என்பதால் அவரும் சாட்சி. அவள் சாட்சி சொன்ன அன்று அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் முறை வந்ததும் ஆட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குவார் என்றுதான் அவர் மனைவி, மைத்துனர்கள், எல்லோரும் எதிர்பார்த்து வந்திருந்தார்கள்.

வக்கீல் கேள்வி கேட்டு முடிக்குமுன்பே அவர் பேசத் தொடங்கினார். அன்று வண்டியை ஓட்டியது என் மகன். வீட்டுக்குப் போய்க் கேட்டேன், ஒரு பெண் மேல் இடித்துவிட்டேன், பயந்து நிற்கவில்லை என்று சொன்னான். பம்பரை மாற்றச் சொன்னது நான். அவனைச் சென்னைக்கு அனுப்பியதும் நான். எழுதிவைத்து மனப்பாடம் செய்ததைப் போல ஒரே குரலில் சொல்லி முடித்தார். பாலிஷ் போடும் அந்தப் பெண் எனக்குக் கடன்பட்டவள், எனக்காகவும் பொய் சொல்லவில்லை, என்மேல் உள்ள கோபத்தில் எனக்கு எதிராகவும் ஒரு பொய் சொல்லவில்லை, அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றார். அதெல்லாம் சாட்சியத்தில் வராது என்று ஜட்ஜ் அமைதியாகச் சொன்னார். குற்றவாளிக் கூண்டில் நின்றிருந்த மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கோர்ட் கலைந்தது. மைத்துனர்கள் மகனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மனைவி அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ ஏறினாள். செல்வியின் ஆட்கள் கேட்டருகே கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் அவர் பக்கம் வரவில்லை. நான் காம்பவுண்டு ஓரமாகப் போய் ஓசூருக்குப் போன் போட்டேன். நடந்ததை அவளிடம் சொன்னேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"அவுரு இப்போ எங்க கீறாரு அண்ணே?"

வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன்.

"கூட யாரு கீறாங்க?"

யாரும் இல்லை என்றேன்.

"நீங்க போய் பக்கத்துல ஒக்காருங்க. எதுவும் பேச வேணாம். சும்மா ஒக்காருங்க அண்ணே."

போனை வைத்துவிட்டுப் போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.